வில்லியம்ஸ்பர்க் ஏலம், 1994: யாரைக் கேட்டு நடித்தார்கள்?

1994 அக்டோபர் 10, திங்கட்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊர். அங்கே வெதர்பர்ன் விடுதியின் வாசலில் நான்கு பேர் ஏலத்துக்கு நிறுத்தப்பட்டார்கள். நான்கு பேரும் கருப்பினத்தவர். நிலம், தட்டுமுட்டுச் சாமான் விற்கும் அதே குரலில் ஏலக்காரர் அவர்களுக்கும் விலை கூவினார். தெருவில் சுமார் 2,000 பேர் நின்று பார்த்தார்கள்.

விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவர் எல்லாருமே கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற அருங்காட்சியகத்தின் ஆட்கள். 18-ஆம் நூற்றாண்டு உடையில், அந்தக் காலத்து ஆட்களாகவே பேசி நடிப்பது அவர்கள் தொழில். நடந்தது ஒரு வரலாற்றுக் காட்சி. ஆனால் அதை நிறுத்தச் சொல்லி வந்தவர்கள் அதே வாசலில் நின்று கோஷம் போட்டார்கள், உரிமைப் போராட்டப் பாடலைப் பாடினார்கள்; சிலர் படியை விட்டு நகர மறுத்தார்கள். எதிர்த்து நின்றவர்களில் பலர் கருப்பினத்தவர். காட்சியை உருவாக்கி நடத்தியவரும் கருப்பினப் பெண்தான்.

பிரிட்டன் ஆண்ட குடியேற்றக் காலத்து வரலாற்றை நடித்துக் காட்டும் ஊர் நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் ஏராளம். மாசச்சூசெட்ஸில் ஏப்ரல் மாதம் லெக்சிங்டன் திடலில், விடியும் நேரத்தில், 1775-இல் பிரிட்டிஷ் சிப்பாய்களோடு நடந்த மோதலை ஊர்க்காரர்களே நடித்துக் காட்டுவார்கள். பாஸ்டனில் டிசம்பர் 16 அன்று தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டுவார்கள். 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போன நாள் அது. குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பார்க்க வருவார்கள். வெற்றிக் கதையை நடித்துக் காட்ட யாருடைய சம்மதமும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. வில்லியம்ஸ்பர்க் ஏலம் அப்படிப்பட்டதாக இல்லை. முப்பது ஆண்டு தாண்டியும் அது பேசப்படுகிறது. பெரும்பாலும் பேசப்படுவது, இதைக் காட்டலாமா கூடாதா என்பதுதான். காட்டலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காட்டுவது என்ற முடிவை யார் எடுத்தார்கள், எடுப்பதற்கு முன் யாரைக் கேட்டார்கள் என்பதுதான் இந்த நிகழ்வில் நின்று பார்க்க வேண்டிய இடம் என்று நினைக்கிறேன்.

ஊரைப் பழையபடி ஆக்கிய கதை

வில்லியம்ஸ்பர்க் 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகரம். பின்னாளில் அமெரிக்க அதிபர்களான ஜெஃபர்சன் படித்த ஊர், வாஷிங்டன் சட்டமன்றத்தில் உட்கார்ந்த ஊர். தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியதும் ஊர் தூங்கிப்போனது. 1920-களில் புரூட்டன் தேவாலயத்தின் பாதிரியார் டபிள்யூ. ஏ. ஆர். குட்வின், இந்த ஊரை அப்படியே பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெரும் செல்வரான இளைய ஜான் டி. ராக்ஃபெல்லரைப் பிடித்தார். வாங்குவது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால் 1926 டிசம்பரில், முதல் வீட்டை வாங்க ஒப்புதல் தந்து ராக்ஃபெல்லர் அனுப்பிய தந்தியில் தன் பெயரைப் போடவில்லை. ‘டேவிட்டின் அப்பா’ என்று கையெழுத்திட்டிருந்தார்.

அதற்குப் பின் வந்தது பிரம்மாண்டமான வேலை. பிற்காலத்துக் கட்டடங்களை இடித்தார்கள், 80-க்கும் மேற்பட்ட அசல் கட்டடங்களைச் சீர்செய்தார்கள், அழிந்துபோன ஆளுநர் மாளிகையையும் சட்டமன்றத்தையும் அடித்தளத்திலிருந்து எழுப்பினார்கள். இன்று சுமார் 301 ஏக்கர் பரப்பில் ஒரு முழு ஊரே அருங்காட்சியகமாக இருக்கிறது. கொல்லர் பட்டறை, அச்சகம், மருந்துக்கடை என்று எல்லாவற்றிலும் ஆட்கள் நிஜமாகவே வேலை செய்வார்கள். கேட்டால் பதில் சொல்வார்கள்.

ஆனால் ஒரு குறை, மிகப் பெரிய குறை. பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற நடந்த போர்க் காலத்தில் அந்த ஊரில் இருந்தவர்களில் 52 விழுக்காட்டினர் கருப்பினத்தவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். சமையலறை, தொழுவம், வெளுப்பு, தச்சு, குழந்தை வளர்ப்பு என ஊரைத் தினமும் நடத்தியவர்கள் அவர்கள்தான். சீரமைக்கப்பட்ட ஊரில் பல பத்தாண்டுகளுக்கு அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச வேண்டி வந்தபோதும் ‘வேலைக்காரர்கள்’ என்று சொல்லிக் கடந்தார்கள். வெதர்பர்ன் விடுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் ஹென்றி வெதர்பர்ன் 1760-இல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலை வைத்துத்தான் அந்த விடுதியின் அறைகளை இன்று அலங்கரித்திருக்கிறார்கள். எந்த அறையில் எத்தனை நாற்காலி, எத்தனை கரண்டி என்பதெல்லாம் அதில் உண்டு. அதே பட்டியலில் 12 அடிமைகளும் இருக்கிறார்கள். நாற்காலிகள் சீக்கிரமே அறைக்குத் திரும்பி வந்துவிட்டன. அந்த 12 பேர் கதைக்குள் வர வெகுகாலம் ஆயிற்று.

1979-இல்தான் மாற்றம் தொடங்கியது. கருப்பினத்தவர் ஆறு பேரை வேலைக்கு எடுத்து, அடிமைகளாகவும் சுதந்திரக் கருப்பினத்தவராகவும் தெருவில் நடமாடவிட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் ரெக்ஸ் எல்லிஸ். பின்னாளில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கென்று அங்கே தனித் துறையே உருவாகக் காரணமாக இருந்தவர். எளிதான வேலை இல்லை அது. சுற்றிப் பார்க்க வரும் வெள்ளையர்களுக்குச் சங்கடம். சொந்த ஊர்க் கருப்பினத்தவருக்கோ, ‘ஏன் இந்தக் கேவலத்தைத் திரும்பவும் உடம்பில் போட்டுக்கொள்கிறீர்கள்?’ என்ற கோபம். இந்த இரண்டு பக்க நெருக்கடியிலும் 15 ஆண்டுகள் அந்தத் துறை தாக்குப்பிடித்து வளர்ந்தது. 1994-இல் அதன் தலைவராக இருந்தவர் கிறிஸ்டி கோல்மன். வில்லியம்ஸ்பர்க்கில் வளர்ந்தவர், 17 வயதிலேயே அங்கே வேடமிட்டு நடிக்க வந்தவர்.

ஏலத்தைப் பற்றிப் பேசும்போது பலர் இந்தப் பின்னணியை விட்டுவிடுகிறார்கள். மேலிடத்து வெள்ளையர் குழு ஒன்று பரபரப்புக்காகக் கிளப்பிய யோசனை இல்லை இது. பல ஆண்டுகள் ஆவணங்களில் மூழ்கியிருந்த கருப்பின ஊழியர்கள், மக்களை மென்மையாக வருடிக்கொடுத்தது போதும், நடந்ததைக் காட்டுவோம் என்று எடுத்த முடிவு.

அறிவிப்பும் எதிர்ப்பும்

இலையுதிர் காலத்தில் அங்கே ‘பப்ளிக் டைம்ஸ்’ என்றொரு விழா நடந்துவந்தது. குடியேற்றக் காலத்தில் நீதிமன்றம் கூடும் நாட்களில் ஊரில் கூட்டம் பெருகும், சந்தை களைகட்டும், கடன் கணக்கு தீரும், ஏலம் நடக்கும். அந்தச் சூழலை மறுபடி கண்முன் கொண்டுவருவதுதான் விழா. கடன்பட்டு இறந்தவரின் சொத்தை விடுதி வாசலில் ஏலம் விடுவது அந்தக் காலத்தில் வெகு சாதாரணம். அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம் என்பதை 1994-இல் மறைக்காமல் காட்டுவது என்று கோல்மனின் துறை தீர்மானித்தது.

சேதி வெளியே வந்ததும் தொலைபேசி ஓயவில்லை. என்.ஏ.ஏ.சி.பி. என்ற, 1909 முதல் கருப்பினத்தவர் உரிமைக்காக இயங்கும் அமைப்பின் வர்ஜீனியாக் கிளை எதிர்த்தது. மார்ட்டின் லூதர் கிங் முதல் தலைவராக இருந்த தெற்கத்தியக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் மாநிலப் பிரிவும் எதிர்த்தது. அவர்கள் வாதத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அடிமை முறையைப் பற்றிப் பேசவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே நடக்கும் கூட்டத்துக்கு நடுவில், எங்கள் முன்னோர்களின் மிகப் பெரிய அவமானத்தை ஒரு காட்சிப் பொருளாக வைப்பதா என்பதுதான் அவர்கள் கேட்டது. பாடமும் கேளிக்கையும் ஒரே டிக்கெட்டில் வந்தால் பாடம் நீர்த்துப்போகும் என்ற அச்சம் அது.

அந்த அச்சத்துக்கு அப்போது ஒரு உடனடிக் காரணமும் இருந்தது. முந்தைய நவம்பரில், 1993-இல், டிஸ்னி நிறுவனம் இதே வர்ஜீனியாவில் ஹேமார்க்கெட் என்ற இடத்தில் அமெரிக்க வரலாற்றை வைத்து ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டப்போவதாக அறிவித்திருந்தது. அடிமையாக இருப்பது எப்படி இருந்தது என்பதைக்கூட வருபவர்கள் உணரும்படி செய்வோம் என்ற பேச்சு அந்தத் தரப்பிலிருந்து வந்தது. வரலாற்றாசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் 1994 செப்டம்பர் 28 அன்று டிஸ்னி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த இரண்டே வாரத்துக்குள் வில்லியம்ஸ்பர்க்கில் ஏலம். காயம் ஆறாத நேரத்தில் வந்த அறிவிப்பு என்பதால், கோல்மனின் துறை 15 ஆண்டுகளாகச் செய்துவந்த பொறுப்பான வேலை வெளியூர்க்காரர் கண்ணுக்குப் படவில்லை. இன்னொரு டிஸ்னி என்றே பட்டது.

விற்கப்பட்டவர்கள்

காட்சி தொடங்குவதற்கு முன் கோல்மன் வேடத்தை விட்டு வெளியே வந்து கூட்டத்திடம் பேசினார். நேர்மையான உள்ளத்தோடும் திறந்த மனத்தோடும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறகு அவரே உள்ளே போய், விற்கப்படும் கர்ப்பிணிப் பெண்ணாக வந்து நின்றார். ஒரு துறைத் தலைவர், தன்னை எதிர்த்துக் கோஷம் போடும் சொந்த மக்களுக்கு முன்னால், தன்னையே ஏலப் பொருளாக நிறுத்திக்கொள்கிறார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

விற்கப்பட்ட நால்வரையும் ஆவணங்களிலிருந்து வார்த்தெடுத்திருந்தார்கள். ஒரு தச்சர், தன் கருவிகளோடு சேர்த்து விற்கப்பட்டார். ஒரு கணவனும் கர்ப்பிணி மனைவியும் வெவ்வேறு ஆட்கள் கைக்குப் போனார்கள். துணி வெளுக்கும் ஒரு பெண்ணை ஏலம் எடுக்க அவளுடைய கணவனே வந்திருந்தான். அவன் அடிமை இல்லை, சுதந்திரக் கருப்பினத்தவன். வெள்ளைக்காரர் ஒருவரோடு போட்டி போட்டு, கடைசியில் தன் மனைவியை அவனே விலைக்கு வாங்கினான்.

கூட்டம் பெருமூச்சு விட்டிருக்கும் இடம் அது. பிறகு வந்த பல விவரிப்புகள் அதை ஒரு நல்ல முடிவாகவே கடந்துவிட்டன. ஆனால் அந்தக் காட்சியின் அடியில் ஒரு சட்டம் கிடக்கிறது. 1723-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: ஆளுநரும் அவருடைய ஆலோசனைச் சபையும் அனுமதித்தால் ஒழிய எந்த அடிமையையும் விடுதலை செய்ய முடியாது. அந்த அனுமதியும் ‘மெச்சத்தக்க சேவை’ செய்திருந்தால் மட்டுமே. 1782 வரை இதுதான் நடைமுறை. ஆக, அந்தக் கணவன் பணம் கொடுத்து மனைவியை வாங்கினாலும் அவள் விடுதலை ஆகமாட்டாள். சட்டப்படி அவள் இப்போது அவனுடைய அடிமை. அவன் கடனாளியாகி இறந்தால், அதே விடுதி வாசலில் அவளை மறுபடி ஏலம் விடலாம். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று 1662-இலேயே சட்டம் இருந்ததால், பிறக்கும் குழந்தைகளும் அப்படியே.

இது வெறும் ஊகம் இல்லை. வில்லியம்ஸ்பர்க்கில் வண்டி ஓட்டிப் பிழைத்த மேத்யூ ஆஷ்பி என்பவர் சுதந்திரக் கருப்பினத்தவர். மனைவி ஆன், இரண்டு பிள்ளைகள். மூவரும் இன்னொருவருக்கு அடிமைகள். 150 பவுண்டு கொடுத்து மூவரையும் வாங்கினார். வண்டி ஓட்டிச் சம்பாதிக்கும் ஒருவருக்கு 150 பவுண்டு என்பது எத்தனை ஆண்டு உழைப்பு! அதற்கு அப்புறமும் 1769 நவம்பரில் ஆளுநரின் சபைக்கு மனுப் போட்டு, அனுமதி வாங்கித்தான் அவர்களை விடுவிக்க முடிந்தது. இரண்டே ஆண்டில், 1771-இல், ஆஷ்பி இறந்துவிட்டார். மனு தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தச்சரின் கருவிகளுக்கும் இப்படி ஒரு பின்புலம் உண்டு. அதே 1769-இல், செப்டம்பர் 14 தேதியிட்ட வர்ஜீனியா கெஸட் செய்தித்தாளில் ஒரு விளம்பரம். சாண்டி என்ற அடிமை ஓடிப்போய்விட்டார். வயது சுமார் 35. செருப்புத் தைப்பது தொழில், வேலைக்குப் பெரும்பாலும் இடது கையைத்தான் பயன்படுத்துவார். முரட்டுத் தச்சு வேலையும் தெரியும், குதிரை ஓட்டவும் தெரியும். குடித்தால் அடங்கமாட்டார், பேச்சில் வசவு அதிகம். போகும்போது ஒரு வெள்ளைக் குதிரையையும் தன் செருப்புத் தையல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தத் தொழிலை வைத்தே எங்காவது வேலை தேடுவார். இதே மாவட்டத்தில் பிடித்துத் தந்தால் 40 ஷில்லிங், காலனிக்குள் வேறெங்காவது என்றால் 4 பவுண்டு, வேறு காலனியில் என்றால் 10 பவுண்டு பரிசு. விளம்பரம் கொடுத்தவர் தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் எல்லாரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று ஏழு ஆண்டு கழித்து அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதப்போகிறவர். சாண்டி பிடிபட்டார், 1773-இல் ஜெஃபர்சன் அவரை 100 பவுண்டுக்கு விற்றார்.

கருவியோடு ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது சாண்டியின் கணக்கு. கருவியோடு விற்றால் விலை ஏறும் என்பது உடைமையாளர் கணக்கு. வெதர்பர்ன் வாசலில் தச்சர் தன் உளியையும் ரம்பத்தையும் வைத்துக்கொண்டு நின்றபோது இந்த இரண்டு கணக்கும் அந்த ஒரே காட்சிக்குள் இருந்தன. இதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த ஆவணம் சொல்லும்தான். ஆனால் உயிருள்ள ஒருவர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும்போது சொல்வது வேறு. நடிப்பு என்ற வழிக்கு இருக்கும் வலிமை அது. அதை மறுப்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

அன்று மாலையும் அதற்குப் பிறகும்

காட்சி முடிந்தபோது கூட்டத்தில் பலர் அழுதுகொண்டிருந்தார்கள். எதிர்த்து வந்தவர்களில் முக்கியமானவர் ஜாக் கிரேவ்லி, என்.ஏ.ஏ.சி.பி. வர்ஜீனியாக் கிளையில் அரசியல் செயல்பாட்டுப் பொறுப்பில் இருந்தவர். பார்த்து முடித்ததும் அவர் நிருபர்களிடம் தன் கருத்து மாறிவிட்டதாகவே சொன்னார். வலிக்கு ஒரு முகம் இருந்தது, அவமானத்துக்கு ஓர் உடல் இருந்தது, துன்பத்துக்குக் கண்ணீர் இருந்தது என்பது அவர் வாக்கு. பகிரங்கமாக எதிர்த்த ஒருவர் அதே நாளில் பகிரங்கமாக மனம் மாறியதைச் சொல்வது அபூர்வம். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எல்லாரும் அப்படி மாறவில்லை. கடைசி வரை தவறு என்றே சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

அருங்காட்சியகம் அந்த ஏலத்தை ஆண்டு நிகழ்ச்சியாகத் தொடரவில்லை. ஒரே ஒரு முறை நடந்த காட்சியாக அது நின்றுபோனது. கோல்மன் பின்னர் டெட்ராயிட்டின் சார்லஸ் எச். ரைட் அருங்காட்சியகத்துக்கும், ரிச்மண்டில் உள்நாட்டுப் போர் அருங்காட்சியகத்துக்கும் தலைமை ஏற்றார். 2020-இல் ஜேம்ஸ்டவுன்-யார்க்டவுன் அமைப்பின் பொறுப்புக்கு வந்தார். அந்த ஒரு நாள் அவரை முடக்கிப் போடவில்லை என்பதில் மகிழ்ச்சி.

1999-இல் வில்லியம்ஸ்பர்க் இன்னொரு படி போனது. அடிமை முறை வர்ஜீனியாவில் எப்படி வேரூன்றியது என்பதை ஒரு தொடராகவே நடித்துக் காட்டத் தொடங்கினார்கள். இரவில் அடிமைகளைத் தேடி ரோந்து வரும் துப்பாக்கிக்காரர்கள் அதில் உண்டு. பார்வையாளர்கள் சும்மா நிற்கவில்லை. ரோந்துக்காரர் வேடமிட்டவர்கள் மேல் பாய்ந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர், நாம்தான் அதிகம் பேர் இருக்கிறோமே என்று கூட்டத்தைக் கிளர்ச்சிக்கே அழைத்தார். நடிகர்கள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து ஆளை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. குழந்தைகளோ நிஜமாகவே பயந்தார்கள். 1994-இல் எழுந்த அச்சம், கூட்டம் வேடிக்கை பார்க்கும் என்பது. நடந்தது நேர்மாறு: கூட்டத்தால் வேடிக்கை பார்க்க முடியவில்லை. அதற்கான ஏற்பாடும் போதவில்லை. நாள் முழுக்க வசவும் அடியும் வாங்கும் பாத்திரத்தில் நிற்பவருக்கும், அடிப்பவராக நிற்பவருக்கும் மனச் சுமை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். மாலையில் உடையை மாற்றினால் அது இறங்கிவிடாது.

பிசகிய இடம்

சரி, 1994-இல் எது சரியாக வந்தது, எது பிசகியது?

ஆய்வு சரியாக இருந்தது. பாத்திரங்கள் சரியாக இருந்தன. விற்கப்படும் வேடத்தைத் தாங்கியவர்களே அந்த வேடத்தை வடிவமைத்தவர்களில் இருந்தார்கள். இது மிக முக்கியம். யாரோ எழுதிக் கொடுத்து, கருப்பின நடிகர்களைக் கூலிக்குப் பிடித்து நிறுத்தியிருந்தால் எதிர்ப்பாளர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மையாகியிருக்கும்.

பிசகியது வெளியே. ஒரு துறைக்குள் 15 ஆண்டுகளாகப் பேசி வளர்ந்த முடிவு, ஊருக்கும் மாநிலத்துக்கும் ஓர் அறிவிப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. தேவாலயங்கள், உரிமை அமைப்புகள், அந்த ஊரிலேயே தலைமுறைகளாக இருக்கும் கருப்பினக் குடும்பங்கள், இவர்கள் எல்லாரும் மேடை தயாரான பிறகுதான் கேள்விப்பட்டார்கள். கோல்மனும் அவர் சகாக்களும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே, அவர்களுடைய ஒப்புதலே போதாதா என்று கேட்கலாம். போதாது என்பது என் கருத்து. சம்பளம் கொடுக்கும் நிறுவனம் வேறு, சமூகம் வேறு. அதுவும் அந்த நிறுவனம் எப்படிப்பட்ட கடந்த காலம் உடையது? ஊரைப் பழையபடி ஆக்குகிறோம் என்று மையப் பகுதியிலிருந்து கருப்பினக் குடும்பங்களை வேறு இடத்துக்குப் பெயர்த்த நிறுவனம். அவர்கள் தேவாலயத்தையே வாங்கி இடித்த நிறுவனம். அப்படிப்பட்ட கையிலிருந்து ஓர் ஏல அறிவிப்பு வரும்போது, உள்ளே இருக்கும் கருப்பின ஊழியரின் நல்லெண்ணத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வெளியே இருப்பவரால் எப்படி முடியும்? வாசலில் நின்று பாடியவர்கள் எதிர்த்தது காட்சியை மட்டுமில்லை. தங்களைக் கேட்காமலே தங்கள் கதையைக் கையாளும் நீண்ட பழக்கத்தையும்தான்.

முன்கூட்டியே கேட்டிருந்தால் எதிர்ப்பே இருந்திருக்காது என்று சொல்லமாட்டேன். ஒருவேளை, விழா நாளில் வேண்டாம், தெருவில் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். காட்சிக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேச இடம் கேட்டிருப்பார்கள். 1723-ஆம் ஆண்டுச் சட்டத்தை மக்களுக்கு விளக்கச் சொல்லியிருப்பார்கள். காட்சி இன்னும் ஆழமாகத்தான் ஆகியிருக்கும். ஆண்டுதோறும் நடக்கும் அளவுக்கு உறுதியும் பெற்றிருக்கும்.

நாசோ தெரு

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. அதே ஊரில், வெதர்பர்ன் விடுதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், இதற்கு ஒரு எதிர் உதாரணம் இருக்கிறது.

வில்லியம்ஸ்பர்க்கின் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபை 1776-இல் தோன்றியது. அடிமைகளும் சுதந்திரக் கருப்பினத்தவரும் ஊருக்கு வெளியே ரகசியமாகக் கூடி வழிபட்ட சபை. அதை வளர்த்தவர் கோவன் பாம்ஃப்லெட், ஜேன் வோப் என்ற விடுதிக்காரப் பெண்ணிடம் அடிமையாக இருந்தவர். பகலில் விடுதியில் வேலை, மற்ற நேரத்தில் பிரசங்கம். 1793-இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அதே ஆண்டு அவருடைய சபையும் பாப்டிஸ்ட் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. நாசோ தெருவில் அவர்களுக்கு ஒரு வழிபாட்டு இடம் கிடைத்தது. 1834-இல் சூறாவளியில் அது அழிய, 1856-இல் செங்கல் கட்டடம் எழுப்பினார்கள். 1950-களில் அருங்காட்சியகம் அந்த இடத்தை வாங்கிக் கட்டடத்தை இடித்தது. 18-ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கு அது பொருந்தவில்லையாம். 1965-இல் அதன்மேல் கார் நிறுத்துமிடம் போட்டார்கள். சபையின் முன்னோர்களின் எலும்புகள் மேல் சுற்றுலாக் கார்கள் நின்றன.

2020 செப்டம்பரில் அங்கே அகழாய்வு தொடங்கியபோது முறை மாறியிருந்தது. சபையின் வழித்தோன்றல்களும் அருங்காட்சியகமும் சேர்ந்தே தொடங்கினார்கள். 2021-இல் முதல் வழிபாட்டு இடத்தின் அடித்தளம் வெளிப்பட்டது: 16 அடிக்கு 20 அடி, அவ்வளவுதான். அதற்குள் எத்தனை பேர் நெருக்கியடித்து நின்று பாடியிருப்பார்கள்! சுற்றிலும் 60-க்கும் மேற்பட்ட கல்லறைகளின் தடயம் கிடைத்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஆய்வாளர்கள்தான் முடிவெடுப்பார்கள். இங்கே, கல்லறைகளைத் திறக்கலாமா, எத்தனையைத் திறக்கலாம், எந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்பதையெல்லாம் வழித்தோன்றல்கள் கூடிப் பேசித் தீர்மானித்தார்கள். மூன்றை மட்டும் திறப்பது, இவர்கள் நம் முன்னோர்கள்தானா என்று அறிவது என்று முடிவாயிற்று. 2023-இல் மரபணு ஆய்வும் எலும்பு ஆய்வும் அவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று உறுதி செய்தன. அந்தச் செய்தியும் முதலில் போனது குடும்பங்களுக்கு.

பிரே பள்ளி என்ற இன்னொரு கட்டடமும் இந்த வழியில் வந்தது. 1760 முதல் 1774 வரை நடந்த அந்தப் பள்ளியில் ஆன் வேகர் என்ற ஆசிரியை கருப்பினக் குழந்தைகளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்; 1765 வரை பள்ளி இந்தக் கட்டடத்தில் இருந்தது. பெரும்பாலான குழந்தைகள் அடிமைகள். கீழ்ப்படிதலைப் போதிப்பதும் அந்தப் பள்ளியின் நோக்கங்களில் ஒன்று. வில்லியம் அண்ட் மேரி கல்லூரி வளாகத்தில் வேறு உருவில் மறைந்து கிடந்த கட்டடம் அதுதான் என்று சமீபத்தில் அடையாளம் கண்டு, 2023 பிப்ரவரி 10 அன்று முழுசாகத் தூக்கி வண்டியில் ஏற்றி, பழைய ஊருக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே படித்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியல்கள் சில மிஞ்சியிருக்கின்றன. அந்தப் பெயர்களின் வழித்தோன்றல்களைத் தேடி, அவர்கள் குடும்பக் கதைகளைப் பதிவு செய்வதையும் சீரமைப்பு வேலையின் பகுதியாகவே வைத்துக்கொண்டார்கள்.

வரலாற்றை ஊரோடு சேர்ந்து நடித்துக் காட்ட நினைக்கும் எவருக்கும் நான் காட்டுவது இந்த இரண்டு வாசல்களையும்தான், வெதர்பர்ன் வாசலையும் நாசோ தெருவையும். முதலாவதில் இருந்த உண்மையும் துணிவும் இரண்டாவதிலும் இருக்கின்றன. கூடுதலாக இருப்பது, யாருடைய கதையோ அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லவும் இடம் விட்ட ஏற்பாடு. 1994 ஏலத்தை இன்னொரு முறை நடத்தலாமா என்று யாராவது கேட்டால், நடத்தலாம் என்றே சொல்வேன். நாசோ தெருச் சபையில் போய் முதலில் பேசிவிட்டு, அவர்கள் சொல்லும் நாளில், அவர்கள் சொல்லும் இடத்தில்.